பக்கத்து வீட்டு வெயிலும் கணினியின் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்: கட்டடக்கலை

கணினியின் துணையோடு கட்டடங்களை வடிவமைப்பது பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஒரு கட்டடத்திற்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் உள்ள உறவைத் தொட்ட கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கணினியில் வரைபடம் போடுவது எங்கள் ஊரிலேயே பல ஆண்டுகளாக நடக்கிறது. நீங்கள் எழுதிய ‘கணினிவழி வடிவமைப்பு’ அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது? – கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் பார்த்திருப்பது வரைபலகையில் செய்த வேலையைத் திரைக்கு மாற்றிக்கொண்ட முறை. அதில் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை வரைபவர் முடிவு செய்து கோடு போடுகிறார். எண்ணம் மாறினால் அழித்துவிட்டு மீண்டும் போடுகிறார். நான் குறிப்பிட்ட முறையில் வடிவமைப்பாளர், கோடு எதைப் பொறுத்து எங்கே விழ வேண்டும் என்ற விதியை எழுதுகிறார். சன்ஷேட்டின் அகலம் சன்னலின் உயரத்தையும் அந்தத் திசையில் வெயில் விழும் கோணத்தையும் பொறுத்தது என்று விதி எழுதிவிட்டால், கட்டடத்தை மனையில் 10 பாகை திருப்பும்போது, கணக்கு அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றியதும் அடியில் உள்ள கூட்டுத்தொகை மாறுவதைப் போல, எல்லாச் சன்ஷேட்டுகளின் அளவும் தானாகவே மாறிக்கொள்ளும். ரைனோ என்ற மென்பொருளுக்குள் இயங்கும் கிராஸ்ஹாப்பர் இவ்வேலைக்கு இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதனோடு சேர்ந்து இயங்கும் லேடிபக், ஓர் ஊரின் வானிலைப் பதிவுகளை உள்ளே கொண்டுவந்து, சூரியனின் பாதையையும் எந்தச் சுவரில் எவ்வளவு வெப்பம் விழுகிறது என்பதையும் கட்டடத்தின் கணினி மாதிரியின் மேலேயே காட்டுகிறது.

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெரிய முற்றத்திற்கு 2000-இல் போடப்பட்ட கண்ணாடிக் கூரை இந்த முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. செவ்வக முற்றத்தின் நடுவே வட்டமான பழைய படிப்பறை இருக்கிறது. ஆனால் அது சரியான நடுவில் இல்லை, சில மீட்டர் வடக்கே தள்ளி நிற்கிறது. ஒழுங்கான, எல்லாப் பக்கமும் ஒத்த கூரை அந்த இடத்தில் பொருந்தாது. பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் வில்லியம்ஸ், வட்டத்திலிருந்து செவ்வகத்திற்கு வளைந்து இறங்கும் பரப்பைக் கணிதச் சமன்பாடுகளால் வரையறுத்தார். கூரையில் உள்ள 3,312 கண்ணாடித் துண்டுகளும் ஒன்றைப் போல் ஒன்று இராது. கூரையின் பாரம் பழைய சுவர்களைப் பக்கவாட்டில் தள்ளிவிடாதபடி, அதன் வெளி விளிம்பு நகரும் தாங்கிகளின் மேல் அமர்த்தப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்த கட்டடங்களின் ஒழுங்கின்மையையும் பலவீனத்தையும் முதன்மையான விதிகளாக எடுத்துக்கொண்டு பிறந்த வடிவம் அது. சுற்றுப்புறத்திற்கு மதிப்புக் கொடுப்பது என்று நான் சொல்வதன் பொருள் அந்தக் கூரையில் இருக்கிறது.

கேள்வி: அபுதாபியில் வெயிலுக்கு ஏற்ப விரிந்து மடங்கும் திரைகள் கொண்ட கோபுரங்களைக் காணொளியில் பார்த்து வியந்தேன். இனி எல்லாக் கட்டடங்களும் அப்படித்தான் அசையுமா? – பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் பார்த்தவை 2012-இல் கட்டி முடிக்கப்பட்ட அல் பஹர் இரட்டைக் கோபுரங்கள். அரபு வீடுகளின் மரப் பின்னல் சன்னல்களான மஷ்ரபியாவை நினைவில் வைத்து, ஒவ்வொரு கோபுரத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முக்கோணத் திரைகளை அமைத்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே தனிச் சட்டத்தில் நிற்கும் அந்தத் திரைகள், சூரியன் நகரும் பாதையைப் பின்பற்றும் நிரலின்படி விரிகின்றன, மடங்குகின்றன. நேர் வெயில் மிகக் குறைவாகப் படும் வடக்குப் பக்கத்தில் திரைகள் இல்லை. உள்ளே புகும் வெயில் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது வடிவமைப்பாளர்களின் மதிப்பீடு.

வியப்பு நியாயமானதுதான். ஆனாலும் எல்லாக் கட்டடங்களும் அசைய வேண்டும் என்று நான் விரும்பவில்லை. பாரிஸின் அரபு உலக நிறுவனக் கட்டடத்தில் 1987-இலேயே கட்டடக்கலைஞர் ழான் நூவெல், ஒளிக்கு ஏற்பச் சுருங்கி விரியும் 240 உலோகக் கண்களைத் தெற்கு முகப்பில் வைத்தார். காலப்போக்கில் அவற்றுள் பல இயங்காமல் நின்றன. அசையும் ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணெயும் மின்சாரமும் பழுது பார்க்கும் ஆளும் கட்டடத்தின் ஆயுள் முழுவதும் தேவைப்படுகின்றன.

சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலையரங்கு 2002-இல் திறக்கப்பட்டது. டுரியன் பழம் என்று ஊரார் அழைக்கும் கட்டடம் அதுதான். வெறும் கண்ணாடிக் கூடாக இருந்தால் வெப்பமண்டல வெயிலில் உள்ளே இருக்க முடியாது என்ற எதிர்ப்பு வடிவமைப்புக் கட்டத்திலேயே எழுந்தது. அதற்கு விடையாக அமைந்த 7,000-க்கும் மேற்பட்ட அலுமினியத் தகடுகளில் எதுவும் அசைவதில்லை. வளைந்த கூட்டின் எந்த இடத்தில் வெயில் எப்படி விழும் என்பதைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றின் திறப்பையும் சாய்வையும் முன்கூட்டியே வேறுபடுத்திவிட்டார்கள். கட்டும் முன்பே கணக்கை முடித்துவிட்டு, கட்டிய பின் அசையாமல் நிற்கும் இந்த வழியே நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்த பிறகு முற்றத்தில் காலை வெயில் விழுவதே இல்லை. நெல் காயவைக்கவும், துணி உலர்த்தவும், என் தாயார் உட்கார்ந்திருக்கவும் இருந்த வெயில் அது. அவர்கள் விதிமீறல் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்களையும் நினைத்துக் கட்டடம் வடிவமைக்கும் வழக்கம் எங்காவது உண்டா? – வாசகர், மதுரை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து வருந்தினேன். இந்த முழுத் துறையிலும் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். சூழலுக்கு ஏற்ற கட்டடம் என்று பெருமையாகப் பேசப்படுபவற்றுள் பெரும்பாலானவை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளும் திறமையையே காட்டுகின்றன. அந்தக் கட்டடம் வந்ததால் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைத்துவந்த வெயிலும் காற்றும் என்ன ஆயின என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. ஆயினும் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பாறை மேட்டின் மீது அமைந்த ஆக்கோமா என்ற பழங்குடி ஊரின் வீடுகள், தெற்கு நோக்கிப் படிப்படியாக இறங்கும் வரிசைகளாக நிற்கின்றன. குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வரும்போதும் ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையின் வெயிலை மறைக்காத அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் நோல்ஸ் இந்த ஊரை ஆழ்ந்து ஆராய்ந்தார். 1970-களில் அவர் உருவாக்கிய கருத்தை வெயில் உறை என்று சொல்லலாம். பக்கத்து மனைகளுக்கு ஆண்டின் எந்த நாள்களில், எந்த மணி முதல் எந்த மணி வரை வெயில் கிடைத்தாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்கிறோம். அந்த மனைகளின் எல்லையிலிருந்து அந்நேரங்களில் சூரியன் இருக்கும் இடங்களை நோக்கிக் கோடுகள் இழுத்து, கட்டப்படவிருக்கும் மனையின் மேலுள்ள வெளியில் அக்கோடுகளை மறிக்கும் பகுதியையெல்லாம் வெட்டி நீக்குகிறோம். எஞ்சும் பருமனுக்குள் எதைக் கட்டினாலும் அடுத்தவரின் வெயில் கெடாது. அன்று மாதிரிகளைக் கொண்டு மெனக்கெட்டுச் செய்த இந்த வேலையை இன்றைய மென்பொருள் ஆயிரக்கணக்கான கோடுகளைக் கொண்டு சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

சட்டமாகவும் இது வந்திருக்கிறது. ஜப்பான் 1976-இல் தன் கட்டட விதிகளைத் திருத்தி, குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் நாளில், பெரும்பாலான பகுதிகளில் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை, புதிய கட்டடம் அடுத்த மனையில் எத்தனை மணி நேரம் நிழல் வீழ்த்தலாம் என்பதற்கு வரம்பு வைத்தது. நியூயார்க்கில் 1915-இல் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் சுற்றியிருந்த தெருக்களை நிழலில் ஆழ்த்தியதால் எழுந்த குரல்கள், மறு ஆண்டே, உயரம் கூடக் கூடக் கட்டடம் தெருவிலிருந்து பின்வாங்க வேண்டும் என்ற நகர விதிக்கு வழிகோலின.

அதே நியூயார்க்கில் அந்த விதியின் போதாமை ஒரு நூற்றாண்டு கழித்து வெளிப்பட்டது. கைவிடப்பட்ட சரக்கு ரயில் பாலம் ஒன்று 2009-இல் ஹை லைன் என்ற பூங்காவாகத் திறக்கப்பட்டது. பூங்காவுக்கும் ஹட்சன் ஆற்றுக்கும் இடையிலிருந்த ஒரு மனையில் பழைய விதிப்படி கட்டினால், கட்டடம் தெருப்பக்கம் பின்வாங்கிப் பூங்காவின் பக்கம் நெருங்கிவிடும். பூங்கா வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட விதி அல்ல அது. கட்டடக்கலைஞர் ஜீன் கேங்கின் அலுவலகம், பூங்காவுக்கு வெயில் வரும் கோணங்களைக் கணக்கிட்டு, அக்கோணங்களை மறிக்கும் மூலைகளைச் செதுக்கி நீக்கியது. வைரத்தைப் பட்டை தீட்டியது போன்ற கண்ணாடி முகங்களோடு 2019-இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் எண் 40, டென்த் அவென்யூ. சோலார் கார்வ் என்ற பெயராலும் அறியப்படுகிறது. விதியிலிருந்து விலக்குப் பெற்றே அதைக் கட்ட வேண்டியிருந்தது. விதியை அப்படியே பின்பற்றியிருந்தால் பூங்காவுக்குத் தீங்கு நேர்ந்திருக்கும். உங்கள் பக்கத்துக் கட்டடம் விதிமீறல் இல்லாமலே உங்கள் முற்றத்தை இருளாக்கியிருப்பதும் இத்தகையதே. பின்வாங்கும் தூரத்தையும் உயரத்தையும் அளக்கும் விதிகள், நிழல் உண்மையில் எங்கே விழுகிறது என்பதை அளப்பதில்லை.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, 20 ஆண்டுகள் இடையறாமல் ஒரு கட்டடம் பெற்றுவந்த வெளிச்சத்தையும் காற்றையும் உரிமையாக ஏற்கிறது. திறந்த முற்றத்திற்கு அது எந்த அளவு பொருந்தும், ஏற்பட்ட இழப்பு சட்டம் எதிர்பார்க்கும் அளவுக்குக் கணிசமானதா என்பவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள். அவரிடம் செல்லும்போது, கட்டடம் வருவதற்கு முன்பும் பின்பும் உங்கள் முற்றத்தில் மாதவாரியாக விழும் வெயிலைக் காட்டும் நிழல் படங்களை ஒரு கட்டடக்கலைஞரிடம் போட்டு வாங்கிக்கொண்டு செல்லுங்கள். இரண்டு கட்டடங்களின் அளவுகளும் கிடைத்துவிட்டால் அது அரை நாள் வேலைதான்.

கேள்வி: லண்டனில் ஒரு கட்டடம் வெயிலைக் குவித்துக் காரை உருக்கிவிட்டதாமே! அத்தனை கணினிகள் இருந்தும் எப்படி நடந்தது? – ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: உண்மைதான். ஃபென்சர்ச் தெரு 20-ஆம் எண் கோபுரத்தின் தெற்கு முகம் உள்வாங்கி வளைந்த கண்ணாடி. 2013 கோடையின் இறுதியில் அது வெயிலைக் குவித்துத் தெருவில் வீழ்த்தியதில், நிறுத்தியிருந்த ஒரு காரின் உறுப்புகள் உருகி வளைந்தன. அடுத்த ஆண்டு முகப்பில் நிரந்தரத் தடுப்புத் தகடுகளைப் பொருத்தினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 2003-இல் திறக்கப்பட்ட டிஸ்னி இசையரங்கு இன்னும் தெளிவான பாடம். விமான வடிவமைப்புக்காக உருவான கேட்டியா மென்பொருளைக் கொண்டு ஃபிராங்க் கெரி உருவாக்கிய கட்டடம் அது. ஒவ்வொரு தகட்டின் வளைவையும் நுட்பமாக அறிந்திருந்த அந்த மாதிரியைக் கையில் வைத்திருந்தும், பளபளப்பான சில தகடுகள் எதிரே இருந்த குடியிருப்புகளையும் நடைபாதையையும் சூடாக்கின. 2005-இல் அவற்றைத் தேய்த்து மங்கலாக்க வேண்டியதாயிற்று. ஒளி எங்கே போய் விழும் என்பதைக் கண்டறியும் மென்பொருள்கள் அப்போதே இருந்தன. கட்டடத்தின் எல்லைக்கு வெளியே அந்தக் கேள்வியை யாரேனும் கேட்டால்தான் கணினி விடை சொல்லும்.

காற்றிலும் இதுவே நடக்கிறது. உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகம் கூடும். தட்டையான உயர்ந்த முகத்தில் மோதும் அந்த வேகக் காற்றின் ஒரு பகுதி சுவரை ஒட்டிக் கீழே இறங்கி, மூலைகளில் திரும்பும்போது தரையில் நடப்பவர்கள் மீது சீறுகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கோபுரத்தின் அடியில் 2011-இல் பலத்த காற்று ஒரு லாரியைக் கவிழ்த்ததில் நடந்து சென்ற ஒருவர் உயிரிழந்தார். பின்னர் சாலைக்கு மேலும் ஓரத்திலும் காற்றுத் தடுப்புகளை நிறுவினார்கள். இதற்கு மாறாக, லண்டனில் 2004-இல் திறக்கப்பட்ட, வெள்ளரிக்காய் வடிவில் 180 மீட்டர் உயர்ந்து நிற்கும் செயின்ட் மேரி ஆக்ஸ் கோபுரத்தின் உருண்ட, அடியில் ஒடுங்கும் உருவம், காற்றைக் கீழே இறக்காமல் சுற்றி வழியவிடுவதையும் நோக்கமாகக் கொண்டது. லண்டன் மாநகரப் பகுதி 2019-இல் காற்று பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, மிக உயர்ந்த கட்டடங்களுக்குக் கணினிக் கணக்கீட்டோடு, சிறிய மாதிரியின் மீது காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையையும் கேட்கிறது. தெருவில் நடப்பவரையும் மிதிவண்டி ஓட்டுபவரையும் அந்த நெறிகள் கணக்கில் கொண்டிருப்பது எனக்கு நிறைவளிக்கிறது.

கேள்வி: சூழல் என்றால் வெயிலும் காற்றும் மட்டும்தானா? ஊரின் பழமையையும் மக்களின் நினைவையும் கணினி அறியுமா? – வாசகி, சிங்கப்பூர்

பதில்: அளவாக மாற்றக்கூடிய பகுதியை அறியும். லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம் குறிப்பிட்ட இடங்களிலிருந்து மறையாமல் தெரிய வேண்டும் என்ற கட்டுப்பாடு 1930-களிலிருந்தே உண்டு. பார்வைக் கோடு என்பது வடிவகணிதம். அதை விதியாக எழுதிவிடலாம். 2014-இல் முடிந்த, 225 மீட்டர் உயரமுள்ள லெடன்ஹால் கோபுரம், ஃபிளீட் தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் குவிமாடத்தின் பின்னே துருத்தாதபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒடுங்குகிறது.

எழுத முடியாத பகுதி டோக்கியோவில் வெளிப்பட்டது. கணினிவழி வடிவமைப்பில் முன்னோடியான ஸாஹா ஹதீதின் அலுவலகம் 2012-இல் புதிய தேசிய விளையாட்டரங்கத்திற்கான வடிவமைப்புப் போட்டியில் வென்றது. மெய்ஜி ஆலயத்தின் புறத்தோட்டத்தை ஒட்டிய அந்த இடத்திற்கு அத்தனை பெரிய உருவம் பொருந்தாது என்று மூத்த கட்டடக்கலைஞர் ஃபுமிஹிகோ மாகி முதலியோர் குரல் எழுப்பினார்கள். பெருகிய செலவைக் காரணம் காட்டி 2015-இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கட்டடக்கலைஞர் கெங்கோ குமா பங்கேற்ற, உயரம் குறைந்த, மரம் மிகுந்த அரங்கு 2019-இல் எழுந்தது. ஹதீதின் வடிவம் அழகானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தத் தோட்டத்திற்கு எவ்வளவு பெரியது மிகையாகும் என்பதை அங்கே நடந்து பழகியவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களைக் கேட்கும் வேலை வடிவமைப்புப் போட்டிக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் கட்டப்போவது மேற்குப் பார்த்த சிறிய வீடு. இவையெல்லாம் எங்களுக்கு எந்த வகையில் பயன்படும்? – வாசகர், சென்னை

பதில்: நிறையவே பயன்படும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வெயில் எப்போதும் தெற்கிலிருந்தே வரும் என்று கொண்டு எழுதப்பட்ட ஐரோப்பியப் பாடநூல் விதிகள் இங்கே அப்படியே பொருந்தா. உங்களுக்குத் தொல்லை தரப்போவது மொட்டைமாடியும் மேற்குச் சுவரும்தான். மேற்குச் சன்னலுக்கு நேர் எதிரே சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும் மாலை வேளையில், 60 செ.மீ. நீளும் சன்ஷேட் மேலிருந்து சுமார் 35 செ.மீ. அளவுக்கே நிழல் தரும். மீதிச் சன்னல் முழுவதும் வெயிலில்தான் இருக்கும். செங்குத்துப் பலகைகளோ, துளைச் செங்கல் திரையோ, ஒரு மரமோ, சன்னலையே சிறிதாக்குவதோ எது உதவும் என்பதைக் கட்டும் முன்பே மாதிரியில் வைத்துப் பார்க்கலாம். லேடிபக் இலவசமாகக் கிடைக்கிறது. இந்திய நகரங்களுக்கான வானிலைக் கோப்புகளும் அப்படியே.

அந்தக் கோப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவை வானிலை நிலையத்தில் பல ஆண்டுகள் எடுத்த பதிவுகளிலிருந்து தொகுத்த ஒரு மாதிரி ஆண்டு. விமான நிலையம் உள்ள மீனம்பாக்கத்துக்கும் கடலோரப் பெசன்ட் நகருக்கும் கடற்காற்று ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. உங்கள் தெருவின் வேப்பமரமும் எதிர்வீட்டு மதிலும் எந்தக் கோப்பிலும் இல்லை. ஆகவே மனையில் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நின்று பார்த்துக் குறித்துக்கொண்டு, சுற்றியுள்ள வீடுகளையும் மரங்களையும் அளவோடு மாதிரியில் சேர்க்கும்படி உங்கள் கட்டடக்கலைஞரிடம் சொல்லுங்கள்.

மதுரை வாசகரின் கடிதத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். டிசம்பர் 21-ஆம் நாள் நண்பகலில் சென்னையில் 10 மீட்டர் உயரமுள்ள வீட்டின் நிழல் வடக்கே சுமார் 7.4 மீட்டர் நீளும்; காலையிலும் மாலையிலும் அதைவிடப் பல மடங்கு நீளும். உங்கள் வீட்டுக்குள் வரும் வெயிலின் படத்தோடு, உங்கள் வீடு வடக்கு மனையின் மாடியிலும் சன்னல்களிலும் வீழ்த்தப்போகும் நிழலின் படத்தையும் மணிவாரியாகக் கேட்டு வாங்குங்கள். மாடிப்படி அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் தெற்கு ஓரத்திற்கு நகர்த்தினாலே அந்த நிழல் எவ்வளவு குறையும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.